அனுமதி இருந்தது, சம்மதம் இல்லை

1

2021 ஏப்ரலில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தை ஒரு தொழிற்சமூகம் விலக்கி வைத்தது. அப்பல்கலைக் கழக முகவரியிலிருந்து யார் எதை அனுப்பினாலும் இனி ஏற்பதில்லை என்று அறிவித்தது. நம்மூரில் ஊர்விலக்கம் என்பது வலுத்தவர்கள் எளியவர்கள்மீது ஏவுகிற ஆயுதம். அங்கே நடந்தது வேறு. ஆய்வுக்கு உள்ளாக்கப்பட்டவர்கள் ஆய்வாளரின் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினார்கள். களஆய்வு, ஆவணப்படுத்தல், வாய்மொழி வரலாறு என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கிற நாம் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்தியவர்கள் லினக்ஸ் கெர்னலை எழுதுகிறவர்கள். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த மென்பொருள் அது. இன்று நம் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. தனியொரு முதலாளிக்குச் சொந்தமானதல்ல. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதுவது. பிழையைக் கண்டவர் அதைச் சரிசெய்யும் சில வரிகளை எழுதி அனுப்புவார். அதற்குப் 'பேட்ச்' என்று பெயர். கிழிசலுக்குப் போடுகிற ஒட்டுதான், வேறொன்றுமில்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் அதை வரிவரியாகப் படித்துப் பார்த்து ஏற்பார், அல்லது திருப்பி அனுப்புவார். அனுப்புகிறவரின் முகம் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாக்குவாதமெல்லாம் யாரும் படிக்கும்படி பொதுவிலேயே நடக்கும்.

2020 ஆகஸ்டில் மின்னசோட்டாவின் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இரண்டு போலிப் பெயர்களில் ஐந்து ஒட்டுகளை அனுப்பினர். பார்வைக்குச் சிறு பிழையைத் திருத்துவதுபோல் இருக்க வேண்டும், உள்ளே வேறொரு ஓட்டையைத் திறந்துவிட வேண்டும் என்பது திட்டம். வேடதாரி ஒட்டுகள் என்று பொருள்படும்படி அவர்களே பெயரும் வைத்தார்கள். கெட்ட எண்ணத்தோடு வருகிற ஒருவர் இந்த அமைப்புக்குள் எவ்வளவு எளிதாக நுழைந்துவிட முடியும் என்று காட்டுவதே நோக்கம். பராமரிப்பாளர்களுக்கு இது சோதனை என்பது தெரியாது. அவர்கள் தங்கள் நேரத்தைச் செலவழித்துப் படித்தார்கள், பதில் எழுதினார்கள்.

நவம்பரில் கட்டுரையின் சுருக்கம் வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் தங்கள் பல்கலைக் கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் போனார்கள். குழு பார்த்தது. இது மனிதர்களைப் பற்றிய ஆய்வல்ல, எனவே விதிகளிலிருந்து விலக்கு என்று கடிதம் கொடுத்துவிட்டது. ஆய்வாளர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள்: நாங்கள் ஒட்டுப் போடும் நடைமுறையைத்தான் ஆராய்ந்தோம், தனிமனிதர்களின் நடத்தையை அல்ல, யாருடைய சொந்தத் தகவலையும் சேகரிக்கவில்லை.

2021 ஏப்ரலில் அதே குழுவைச் சேர்ந்த மாணவர் ஒருவரிடமிருந்து தரம் குறைந்த சில ஒட்டுகள் வந்தன. இதுவும் இன்னொரு சோதனையோ என்று மூத்த பராமரிப்பாளர் கிரெக் குரோவா ஹார்ட்மன் சந்தேகப்பட்டார். புதிதாக எழுதிய ஒரு கருவி கண்டுபிடித்த பிழைகள் இவை, என்மீது பழி போடாதீர்கள் என்றார் மாணவர். யாரும் நம்பத் தயாராயில்லை. விலக்கம் அறிவிக்கப்பட்டது. அப்பல்கலைக் கழகத்திலிருந்து முன்பு வந்து சேர்ந்திருந்த 190 ஒட்டுகளை நீக்கும் வேலை தொடங்கியது. பின்னர் லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 435 பழைய ஒட்டுகளை எடுத்துச் சரிபார்த்தது. 349 சரியாகவே இருந்தன. திருத்தம் தேவைப்பட்டவை 39. ஆகஸ்டில் அனுப்பிய போலிகளில் பழுதானவை ஒவ்வொன்றையும் பராமரிப்பாளர்கள் அப்போதே பிடித்திருந்தார்கள், அல்லது கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். அதாவது பல ஆண்டுகளாக நேர்மையாகச் செய்து கொடுத்த வேலையெல்லாம் ஒரே நாளில் சந்தேகத்துக்குரியதாயிற்று. அதை மீண்டும் படித்துப் பார்க்கிற சுமையும் படித்தவர்கள் தலையிலேயே விழுந்தது.

ஏப்ரல் 24இல் ஆய்வாளர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்டிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கடிதத்தில் ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டிருந்தது. கேட்டிருந்தால் அவர்கள் உஷாராகியிருப்பார்கள், அதனால் கேட்கவில்லை. இந்த 'அதனால் கேட்கவில்லை'க்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2

நெறிமுறைக் குழு பொய் சொல்லவில்லை. விதியில் இருப்பதைத்தான் சொன்னது. பிரச்சினை விதியில் இருந்தது.

அமெரிக்க ஆய்வுநெறி விதிகள் ஒரு கொடுமையிலிருந்து பிறந்தவை. 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பகுதியில் அரசின் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. கெட்ட ரத்தம் என்றார்கள். 1940களில் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் முற்றினால் உடல் என்னவாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் செய்தி வெளியான பிறகு 1974இல் சட்டம் வந்தது. 1979இல் பெல்மான்ட் அறிக்கை வெளியிடப்பட்டது. மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என மூன்று கொள்கைகளை அது வகுத்தது. 1991இல் பல அரசுத் துறைகளுக்கும் பொதுவான விதி ஒன்று உருவாயிற்று.

அந்த விதியில் ஆய்வுக்குரிய மனிதர் யார் என்பதற்கு இலக்கணம் உண்டு. எந்த உயிருள்ள தனிமனிதரைப் பற்றி ஆய்வாளர் தகவல் பெறுகிறாரோ அவர். இந்தப் 'பற்றி' என்ற சொல்லைக் கவனியுங்கள். டஸ்கீகியில் ஆய்வு உடம்பைப் பற்றியது. உடம்பு தனிமனிதருடையது. எனவே அவரிடம் கேள், அவர் கையெழுத்தை வாங்கு. சரிதான். ஆனால் ஒருவரின் உழைப்பை, கவனத்தை, அந்நியரை நம்பி வேலை வாங்குகிற ஒரு பழக்கத்தைத் தொட்டுச் செய்கிற ஆய்வு யாரைப் பற்றியது? ஒட்டைப் பற்றியது, நடைமுறையைப் பற்றியது என்று சொல்லிவிட்டால் படித்தவர் காணாமல் போகிறார். அவர் கொடுத்த நேரம் ஒரு தரவாக மட்டும் மிஞ்சுகிறது. மனிதர்களை விலக்கிவிட்டு மனிதர்களின் வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிற இந்த மொழி நமக்குப் புதிதல்ல. தொழிலாளியைக் 'கை' என்று எண்ணிய மொழிதான் இது.

தமிழில் அனுமதி, சம்மதம் என்று இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். பேச்சில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். ஆனாலும் காதுக்கு வித்தியாசம் தெரியும். அனுமதி மேலிருப்பவர் கொடுப்பது. மைதானத்துக்கு, ஒலிபெருக்கிக்கு, ஊர்வலத்துக்குப் போலீசிடம் வாங்குவது. சம்மதம் எதிரில் நிற்பவர் தருவது. பெண் பார்க்கப் போனால் பெண்ணுக்குச் சம்மதமா என்றுதான் கேட்கிறோம், அனுமதியா என்று கேட்பதில்லை. மின்னசோட்டாவின் கையில் வேலை முடிந்த பின் வாங்கிய ஓர் அனுமதி இருந்தது. சொந்த நிறுவனம் தன் ஆளுக்குக் கொடுத்த அனுமதி. சம்மதம் யாரிடமும் கேட்கப்படவில்லை.

3

கதவைச் சாத்துவதும் புதிதல்ல. 

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு தென்னிந்தியா முழுக்க அலைந்து தலையையும் மூக்கையும் அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவரது சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலின் முன்னுரையில், வயநாட்டுப் பணியப் பெண்கள் தன்னைக் கண்டு ஓடியதைப் பதிவு செய்கிறார். தங்களில் சிலரைப் பிடித்துப் பாடம் பண்ணி அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டனுக்கு அது வேடிக்கைக் கதை. இன்று படிக்கும்போது, ஓடியவர்கள் ஆய்வைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மறுப்பதற்கு அவர்களிடம் இருந்தது ஓட்டம் ஒன்றுதான்.

நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1950களின் தொடக்கத்தில் கார்னெல் பல்கலைக் கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. தனிநபர் யாரையும் அடையாளம் காட்ட மாட்டோம் என்று ஊராருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அங்கே தங்கி வேலை செய்த ஆர்தர் விடிச், ஜோசப் பென்ஸ்மனோடு சேர்ந்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊருக்கு ஸ்பிரிங்டேல் என்று மாற்றுப் பெயர், ஆட்களுக்கும் மாற்றுப் பெயர். யார் யார் என்று ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு சுதந்திர தின ஊர்வலத்தில் மக்கள் முகமூடி மாட்டிக்கொண்டு, நூலில் வரும் பெயர்களை எழுதிய கார்களில் வந்தார்கள். கடைசியில் ஒரு எருவண்டி. எருவின்மீது குனிந்து நிற்கிற ஆசிரியரின் கொடும்பாவி. நூல் சமூகவியலில் ஒரு முக்கிய நூலாக நிலைத்தது. ஊரைப் பற்றி அது சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் உண்மை சொன்னதற்காக வாக்கு மீறியது இல்லையென்று ஆகிவிடாது.

மூன்றாவது, கையெழுத்து இருந்தும் நடந்தது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் பூர்வகுடியினரிடையே நீரிழிவு அதிகம். 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக் கழகம் அவர்களிடம் ரத்தம் எடுக்கத் தொடங்கியது. நீரிழிவு ஆய்வு என்றுதான் அவர்கள் நம்பிக் கொடுத்தார்கள். கையெழுத்திட்ட தாளின் வாசகம் அகலமாக இருந்தது. அதே ரத்தம் மனச்சிதைவு நோய் ஆய்வுக்கும், உறவுக்குள் மணம்செய்வதை அளக்கவும், அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை ஆராயவும் போயிற்று. நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களின் புனிதக் கதை. அந்த மண்ணின்மீது அவர்களுக்குள்ள உரிமையும் அந்தக் கதையோடு பிணைந்தது. 2003இல் அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் அங்கே நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இதற்குச் சம்மதம் வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். ஹவசுப்பாய் மக்கள் அப்பல்கலைக் கழகத்தைத் தங்கள் மண்ணிலிருந்து விலக்கி ஆணையிட்டார்கள். வழக்கு 2010இல் உடன்பாட்டில் முடிந்தது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மிச்சமிருந்த ரத்தமும் திரும்பி வந்தது.

பூர்வகுடிகளுக்கும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் முடிச்சுப் போடுவதா என்று கேட்கலாம். துன்பத்தின் அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஹவசுப்பாய் மக்கள் இழந்ததை ஒரு கணினிப் பொறியாளரின் வீணான மாலை நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. இரு இடங்களிலும் பாதிக்கப்பட்டது தனித்தனி ஆட்கள் மட்டுமல்ல. அவர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்த ஒன்று பாதிக்கப்பட்டது. அங்கே ஒரு தோற்றக்கதையும் அதன்மேல் நிற்கும் உரிமையும். இங்கே முகம் தெரியாதவரையும் நம்பி வேலையை ஏற்பது என்ற பழக்கம். தனிமனிதரை மட்டும் எண்ணத் தெரிந்த விதிக்கு இந்தச் சேர்ந்த பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

4

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை லேசாகத் தள்ளிவிட முடியாது.

முதல் வாதம்: ஆபத்து உண்மையானது. ஆம். 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளில் ஒரு கள்ளக் கதவு கண்டுபிடிக்கப்பட்டது. புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் நல்ல வேலை செய்து கொடுத்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பிலும் அமர்ந்து, பிறகு அதை வைத்திருந்தார். தன் கணினியில் உள்நுழைய அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர் அதைத் தோண்டி எடுத்தார். மின்னசோட்டாக்காரர்கள் எச்சரித்தது இதைத்தான். ஆனால் எக்ஸ்இசட்டில் கதவு திறந்தது எப்படி? களைத்துப் போன ஒரே ஒரு பராமரிப்பாளர், உடனே வேலையை முடி என்று அவரை நெருக்கிய குரல்கள், உதவிக்கு வந்தவர்போல் வந்த ஒருவர். ஆராய வேண்டியது இந்தக் களைப்பை. அதைப் பராமரிப்பாளர்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். வேடம் போட்டு இன்னும் கொஞ்சம் வேலையை அவர்கள் தலையில் ஏற்றி அல்ல.

இரண்டாவது வாதம்: சொல்லிவிட்டுச் சோதித்தால் அது சோதனையாகுமா? தனியார் நிறுவனங்களில் இது தினமும் நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணினிகளை உடைத்துப் பார்க்க ஆள் அமர்த்துகிறார்கள். மேலிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கும், கீழே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் நுழைந்தால் வழக்கு, சிறை. லினக்ஸிலும் முன்னணிப் பொறுப்பாளர்கள் சிலரிடம் மட்டும் பேசிச் செய்திருக்கலாம். முதலாளிக்குச் சொந்தமான இடத்துக்குள் போகும்போது கதவைத் தட்டுகிறவர்கள், எல்லோருக்கும் பொதுவான இடத்துக்குள் தட்டாமல் நுழைந்தார்கள். புறம்போக்கைப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிற அதே மனநிலை.

மூன்றாவது வாதம்தான் நம்மை நெருக்குவது. எல்லாவற்றுக்கும் சம்மதம் வேண்டுமென்றால் அதிகாரத்தை எப்படி ஆராய்வது? மானுடவியலாளர் லாரா நாடர் 1972இலேயே கேட்டார்: ஏன் எப்போதும் ஏழைகளையே ஆராய்கிறோம், மேலே பார்த்தால் என்ன? மேலே பார்க்கப் போனால் சம்மதம் கிடைக்காது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5000 கற்பனை விண்ணப்பங்களை வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினர். வெள்ளையர் பெயர் கொண்டவற்றுக்கு ஒன்றரை மடங்கு அழைப்பு. நிறுவனங்களிடம் சொல்லிவிட்டா செய்ய முடியும்?

முடியாது. அங்கே வேடம் போட்டது நியாயம் என்றே கருதுகிறேன். வேறுபாடு எங்கே என்றால், அங்கே ஏமாற்றப்பட்டவர் பிறர் வாழ்வின்மீது அதிகாரம் செலுத்துகிறவர். அவருக்கு ஏற்பட்ட செலவு சில நிமிடங்கள். கிடைத்த அறிவு, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. மின்னசோட்டாவில் செலவு படித்தவர்களுக்கு, வரவு கட்டுரை எழுதியவர்களுக்கு. கெர்னல் எழுதுவோரில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான், பஞ்சப் பராரிகள் அல்ல என்பதும் உண்மை. ஆனாலும் ஒட்டைத் திறந்து படிக்கிற அந்தக் கணத்தில் ஒருவருக்கு எல்லாம் தெரியும், மற்றவருக்கு எதுவும் தெரியாது. வருமானத்தை வைத்து மட்டும் அதிகாரத்தை அளக்க முடியாது.

5

ஆராயப்பட்டவர்கள் இப்போது தாங்களே விதி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களை ஆராய வருகிறவர்களுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறை என்று ஐந்து. பெல்மான்ட் அறிக்கையை நிபுணர்கள் எழுதினார்கள். இதைத் தங்களைப் படித்துத் தீர்த்தவர்களைப் பார்த்துச் சலித்தவர்கள் எழுதினார்கள்.

லினக்ஸ் சமூகமும் 2022இல் கெர்னலின் ஆவணங்களிலேயே ஆய்வாளர்களுக்கான வழிகாட்டுதலைச் சேர்த்தது. பொதுவில் கிடப்பதைப் படித்து ஆராய்வதற்குத் தடையில்லை. ஆனால் உருவாக்குவோரின் நடத்தையைச் சோதிப்பதென்றால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் முழுமையாகச் சொல்லி, வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும். நிறுவன அனுமதிக் கடிதம் போதுமென்று அங்கே எழுதியில்லை. பொதுவில் எழுதியதைப் படிப்பதற்கும், எழுதியவரைக் கிள்ளிப் பார்ப்பதற்கும் இடையே கோடு போட்டிருக்கிறார்கள். பல்கலைக் கழகக் குழுவுக்குத் தெரியாத கோடு.

ஆனால் 'சமூகத்தின் சம்மதம்' என்றதும் நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. சமூகத்துக்காக யார் பேசுகிறார்கள்? நம் கிராமம் ஒன்றுக்குள் ஆய்வுக்குப் போய் 'ஊரிடம்' கேட்டால், ஊர் என்பது ஊர்த்தெரு. நாட்டாமையும் பெரிய மனிதர்களும் சரி என்பார்கள். சேரியை யாரும் கேட்க மாட்டார்கள். சேரியில் கேட்டாலும் ஆண்களைத்தான் கேட்பார்கள். சேரிக்காரர் தன் துயரத்தைப் பதிவு செய்யச் சம்மதித்து, ஊர் வேண்டாம் என்றால், ஊரின் மறுப்புக்குக் கட்டுப்படுவது ஆய்வறம் ஆகாது, சாதிக்குப் பணிவது ஆகும். எனவே தனிமனிதரின் கையெழுத்துக்குப் பதிலாகத் தலைவரின் கையெழுத்து என்று மாற்றுவதில் பொருளில்லை. இரண்டும் வேண்டும், இரண்டும் மோதினால் வலுவற்றவர் பக்கம் நிற்க வேண்டும். லினக்ஸ் வழிகாட்டுதல் தலைமையின் ஒப்புதலை மட்டும் கேட்காமல் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் சம்மதத்தையும் கேட்பது இந்த வகையில் சரி.

நாம் எழுதுகிறவர்கள். உண்மை அறியும் குழுவாகப் போகிறோம், ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறோம், கேட்டதை நாவலாக்குகிறோம். நமக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கிடையாது. அது நல்லதுதான், விலக்குக் கடிதம் வாங்கி ஒளிந்துகொள்ள வழியில்லை. ஆனால் மக்கள் பக்கம் நிற்கிறோம் என்ற நம்பிக்கையே நமக்கொரு விலக்குக் கடிதமாகிவிடுகிற ஆபத்து இருக்கிறது. நல்ல நோக்கம் மின்னசோட்டாவுக்கும் இருந்தது, லினக்ஸைப் பாதுகாப்பதே எங்கள் எண்ணம் என்றுதான் அவர்களும் எழுதினார்கள். பேசியவர் பதிப்புக்கு முன் தன் பேச்சைக் கேட்டு, இதை எடுத்துவிடு என்று சொல்ல முடிகிறதா? பெயரை மாற்றினாலும் பக்கத்துத் தெருக்காரருக்கு அடையாளம் தெரியுமா, தெரிந்தால் அடி விழுவது யாருக்கு? புத்தகம் அவர் கைக்குப் போகிறதா? வேண்டாம் என்று அவர் சொன்னால் நாம் திரும்பி வரத் தயாரா? போகும் முன்பே இவற்றுக்குப் பதில் வைத்துக்கொள்வது நல்லது. ஓடவோ கதவைச் சாத்தவோ முடிந்தவர்கள் குறைவு, நாம் போய்ச் சந்திக்கிறவர்களில் பலருக்குச் சாத்துவதற்குக் கதவே கிடையாது.